சாம்பல் அள்ளுவது யார் முறை?

"நமக்குள்ள என்னடா கணக்கு?"

இந்த வாக்கியத்தைச் சொல்கிறவனை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கையில் செல்போன் இருக்கும். சீமாறு இருக்காது.

நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடுகளில் இந்த வாக்கியம் அடிக்கடி காதில் விழும். ஆனால் அது வருகிற நேரத்தைக் கவனியுங்கள். வாடகையைப் பிரிக்கும்போது வராது. கரண்ட் பில்லுக்கு ஆளுக்கு 437 ரூபாய் என்றால் அந்த ஏழு ரூபாயும் ஜிபேயில் வந்து சேர்ந்துவிடும்; அங்கே யாரும் பெருந்தன்மை பேசுவதில்லை. பாத்திரம் யார் கழுவுறது, பாத்ரூம் யார் தேய்க்கிறது, பொடக்காலி அடுப்பில் சாம்பல் யார் அள்ளுறது என்று பேச்செடுத்தால் மட்டும் நட்பு, பாசம், விட்டுக்கொடுத்தல் எல்லாம் ஒரே பஸ்ஸில் ஏறி வந்து இறங்கும். "சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டையா? நாம அப்படியா பழகியிருக்கோம்?"

அப்படித்தான் பழகியிருக்கிறோம். அதுதான் பிரச்சினை. கணக்கு இல்லாத வீட்டில் வேலை தானாகச் சமமாகப் பிரிந்துகொள்வதில்லை. யாருக்கு மனசு பொறுக்கவில்லையோ, யாருக்கு வாயைத் திறந்து கேட்கக் கூச்சமோ, அவன் தலையில் போய் விழுகிறது. விழுந்ததை 'அன்பு' என்று சொல்லி மூடி வைக்கிறோம். இந்தக் கட்டுரை அந்த மூடியைத் திறக்கச் சொல்கிறது.

*

நான் பேசுவது துடியலூரை வைத்து. நானும் அங்கே இப்படிப்பட்ட ஒரு வீட்டில் இருக்கிறவன்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் கவுண்டம்பாளையம் தாண்டி வடக்கே போனால் வருகிற ஊர். 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனாலும் மெயின் ரோட்டை விட்டு நாலு தெரு உள்ளே போனால் இன்னும் ஓட்டு வீடு இருக்கிறது, தென்னை இருக்கிறது, மாடு கட்டின வாசல் இருக்கிறது. வெள்ளக்கிணறு வழியாகக் கிழக்கே போனால் சரவணம்பட்டி ஐடி கம்பெனிகள். வடக்கே பெரியநாயக்கன்பாளையம் பக்கம் மில் மிஷின் தயாரிக்கிற கம்பெனி, பம்பு கம்பெனிகள். இந்த இரண்டுக்கும் வேலைக்குப் போகிற பசங்க நடுவில் துடியலூரில் வீடு பிடிக்கிறார்கள். அடுக்குமாடிகளில் 'குடும்பத்துக்கு மட்டும்' என்று போர்டு. பேச்சிலருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஊட்டுக்கார அம்மா பெரிய வீடு கட்டிக்கொண்ட பிறகு காலியாகக் கிடக்கும் பழைய போர்ஷன்தான். கீசர் இருக்காது. பொடக்காலியில் தண்ணி காய வைக்கும் அடுப்பு ஒன்று இருக்கும்.

அந்த அடுப்பைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். என் வாதம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

மூணு பக்கம் செங்கல், மண் பூச்சு, மேலே அண்டா. எரிக்கப் பன்னாடை, தென்னை மட்டை, கொட்டாங்குச்சி, கொஞ்சம் விறகு. மார்கழியில் மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கி வரும்போது அந்த அண்டாவில் காயும் சுடுதண்ணிக்கு ஈடாக உலகத்தில் எதுவும் இல்லை. நாலு பேரும் குளிக்க வருவார்கள். யாரும் மறக்க மாட்டார்கள்.

ஆனால் தண்ணி சுடுவதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு நீளமான சங்கிலி இருக்கிறது. மட்டையை யாராவது பொறுக்கி, வெட்டி, காய வைத்திருக்க வேண்டும். ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் அதைக் கூரைக்கு அடியில் தள்ளியிருக்க வேண்டும். அடுக்கின விறகில் தேள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். அண்டாவின் அடியில் ஈரச் சாம்பலோ மண்ணோ பூசினால்தான் கரி அப்பாமல் கழுவ வரும். அண்டாவில் தண்ணி ராத்திரியே நிரப்பியிருக்க வேண்டும், ஏனென்றால் குழாயில் தண்ணி வருகிற நாள் வேறு, நாம் குளிக்கிற நாள் வேறு. பூச்சு வெடித்தால் மண் குழைத்து மெழுக வேண்டும். கடைசியாக, சாம்பல்.

சாம்பலை அள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கும் பெரிசாகத் தெரியாது. மூணாம் நாள் அடுப்பு வாய் பாதி அடைத்துக்கொள்ளும். அடியில் காத்துப் போக வழியில்லை. மட்டை பிடிக்காது, புகையும். கண்ணெரியும். தண்ணி காய இருபது நிமிஷம் ஆகிற இடத்தில் முக்கால் மணி நேரம் ஆகும். இதில் அநியாயம் என்னவென்றால், சாம்பலை விட்டுப் போனவனுக்கு அந்தத் தண்டனை கிடைப்பதில்லை. அவன் சுடுதண்ணியில் குளித்துவிட்டு ஆபீஸ் கேப்பில் ஏறியிருப்பான். அடுத்த நாள் வெடியால எழுந்து அடுப்பு பத்த வைக்கிறவனுக்குத்தான் கிடைக்கும். அவன்தான் இருமுவான். இருமியபடியே சாம்பலையும் அள்ளுவான். ரெண்டு மாசம் கழித்து, "அவன் வெள்ளென எந்திரிக்கிற ஆளுடா, அவனுக்கு இதெல்லாம் பழக்கம்" என்று ஆகிவிடும்.

பழக்கம் என்ற சொல்லுக்கு இங்கே ஒரே அர்த்தம்தான். அவன் மாட்டிக்கொண்டான்.

*

வீட்டு வேலையில் மூணு வகை உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிச் சண்டை.

முதல் வகை, தன் வேலை. சாப்பிட்ட வட்டலைக் கழுவுவது, தன் துணியைத் துவைப்பது. இதில் பெரிய தகராறு வருவதில்லை. "என் வட்டலை நான் கழுவிட்டேன்ல?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்கள் உண்டு. சபாஷ். சோறு வடித்த போசியை யார் கழுவியது?

அது ரெண்டாம் வகை, பொது வேலை. சோத்துப் போசி, குக்கர், அடுப்படிச் சுவர், ஜலதாரை, பாத்ரூம், அண்டா, சாம்பல். இது யாருடைய எச்சிலும் இல்லை; அதனால் யாருடைய வேலையும் இல்லை.

இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவரின் ஏற்பாட்டைச் சொல்கிறேன். 1910-ல் ஜோகன்னஸ்பர்க் நகரத்திலிருந்து 21 மைல் தள்ளி, ஹெர்மன் காலன்பாக் என்ற நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையை ஆரம்பித்தார். போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் தங்குவதற்கான இடம். அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் கணிசம். வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் மலம் புதைப்பது வரை அங்கே வாழ்ந்தவர்களே செய்தார்கள். அந்தப் பண்ணையைப் பற்றிக் காந்தி எழுதியதில் ஒரு ஏற்பாடு வருகிறது: ஒரே சமையல், ஒரே பந்தி, அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், பொதுப் பாத்திரங்களைக் குழு குழுவாக முறை வைத்துக் கழுவ வேண்டும். போராட்டம், சத்தியம், அகிம்சை என்று அவ்வளவு பெரிய விஷயங்கள் பேசிய இடத்தில் பாத்திரத்துக்கு முறை வைத்தார்கள். சிறைக்குப் போகத் துணிந்தவர்களுக்கே முறை தேவைப்பட்டது என்றால், ஆபீஸுக்குப் போகவே அலாரம் நாலு வைக்கிற நமக்குத் தேவைப்படாதா?

அதே காந்தியின் வாழ்க்கையில் பன்னிரண்டு வருஷம் முந்தி, 1898-ல், டர்பன் வீட்டில் வேறொன்று நடந்தது. வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் மூத்திரச் சட்டியைக் கஸ்தூர்பா எடுத்துக் கொட்ட வேண்டும், அதையும் முகம் கோணாமல் செய்ய வேண்டும் என்று காந்தி பிடிவாதம் பிடித்தார். அந்தக் குமாஸ்தா பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த கிறிஸ்தவர். கஸ்தூர்பா அழுதுகொண்டே செய்தார். காந்தி அவரைக் கையைப் பிடித்து கேட் வரை இழுத்துக்கொண்டு போனார். அவரே சத்திய சோதனையில் வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். சாதி ஒழிய வேண்டும் என்ற லட்சியம் சரியானது. ஆனால் லட்சியம் புருஷனுடையது, சட்டி பொண்டாட்டியின் கையில். முறை வைக்காத லட்சியம் எங்கே போய் இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூணாம் வகைதான் கண்ணுக்குத் தெரியாதது: கவனிக்கிற வேலை. சிலிண்டர் எப்போது தீரும், புக் பண்ணியாச்சா, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், மோட்டார் போட்டாச்சா, விறகு இன்னும் எத்தனை நாளைக்கு, பாத்திரம் தேய்க்கிற நார் தேய்ந்துவிட்டதா? அமெரிக்காவில் ஆலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வீட்டுக்காக மூளை செய்யும் வேலையை அவர் நாலாகப் பிரித்தார்: வரப்போவதை முன்கூட்டி உணர்வது, என்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. அதில் முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் ரெண்டு பேரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். முதலும் கடைசியும் அதிகமாகப் பெண் தலையில்தான் விழுகிறது என்று கண்டார்.

பேச்சிலர் வீட்டில் பெண் இல்லை. ஆனாலும் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. நாலு ஆம்பளைங்களில் ஒருத்தனை அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். யாரை? வேலை தேடிக்கொண்டிருக்கிறவனை. சம்பளம் குறைந்தவனை. வயசில் சின்னவனை. கடைசியாக வந்து சேர்ந்தவனை. அட்வான்ஸ் பணம் முழுசாகக் கட்ட முடியாமல் "அடுத்த மாசம் தர்றேன் மாப்ள" என்று சொன்னவனை. வீட்டுக்கு வீடு ஆள் மாறலாம். படி மாறாது. பாத்ரூம் கழுவுகிற பேச்சு வரும்போது எல்லார் கண்ணும் யார் பக்கம் திரும்புகிறது என்று கவனித்தால் சில வீடுகளில் சாதியும் தெரியும். பேரைக் கேட்டவுடன் 'நீங்க எந்தப் பக்கமுங்க?' என்று விசாரிக்கிற ஊரில், ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று நம்ப வேண்டாம். பிரியாணி சாப்பிடுவது சுலபம். முறை வைத்து பாத்ரூம் கழுவுங்கள், அப்போது பேசலாம்.

அந்த ஒருத்தனுக்கு நாம் கொடுக்கும் பட்டம், "அம்மா மாதிரிடா நீ." கேட்க இதமாக இருக்கும். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டவன் அப்புறம் "இன்னைக்கு உன் முறை" என்று வாயைத் திறக்க முடியாது. அம்மா கணக்குக் கேட்கலாமா?

*

இனி சமாதானங்களுக்கு வருவோம். நாலு உண்டு. நாலும் எல்லா வீட்டிலும் உண்டு.

"எனக்கு அழுக்கே தெரிய மாட்டேங்குது மச்சா." புது பைக்கில் நகம் பட்ட கீறல் பத்தடி தூரத்திலிருந்து தெரிகிறது. அடுப்பு மேடையில் ரெண்டு நாளாகக் காய்ந்த சாம்பார் தெரியவில்லையா? கண்ணில் குறை இல்லை. அதைப் பார்த்தால் நாம்தான் துடைக்க வேண்டி வரும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

"நான் பண்ணா நல்லா வராதுடா, நீ பண்ணா சுத்தமா இருக்கும்." யூடியூப் பார்த்து பைத்தான் படித்து வேலை வாங்கின ஆள் இவர். குக்கர் கேஸ்கட்டைக் கழற்றிக் கழுவக் கத்துக்க முடியாதாம். ஒருமுறை அரைகுறையாகச் செய்து காட்டினால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள் என்பதை மட்டும் எந்த வீடியோவும் பார்க்காமலே கத்துக்கொண்டிருக்கிறார்.

"கேட்டிருந்தா செஞ்சிருப்பேன்ல?" நாலிலும் இதுதான் மோசம், ஏனென்றால் இதைச் சொல்கிறவன் நிஜமாகவே நல்லவன். கேட்டால் செய்வான். ஆனால் கேட்கிற வேலையை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டான். நினைவு வைத்து, நேரம் பார்த்து, குரலைத் தணித்து, அவன் மூடு எப்படி என்று கணித்து, ஒருத்தன் கேட்க வேண்டும். சாம்பலை அள்ள அஞ்சு நிமிஷம். அள்ளச் சொல்ல அரை நாள். கடைசியில் சொல்கிறதுக்கு நானே அள்ளிடலாம் என்று சட்டியை எடுக்கிறான். இதையே ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

"நான் காசு தர்றேன், ஆள் வெச்சுக்கலாம்." வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. வருகிற அக்காவுக்குச் சரியான சம்பளம், வாரம் ஒருநாள் லீவு, அதே டம்ளரில் டீ. இந்த மூணையும் முதலில் பேசுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து நலவாரியம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருகிற அக்கா அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று யாராவது கேட்டிருப்பீர்களா? வீட்டுப் பணியாளர் உரிமைக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் நாம் என்ன பண்ணுகிறோம் என்பதுதான் கேள்வி. இன்னொன்று: அக்கா வந்தாலும் கவனிக்கிற வேலை போகாது. அவர் வரும் நேரத்தில் கதவு திறக்க ஒருத்தன், சோப்பு வாங்கி வைக்க ஒருத்தன், அவர் வராத நாளில் ஜலதாரை நாறும்போது இறங்க ஒருத்தன் வேண்டும். அந்த ஒருத்தன் யார் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

பெண்கள் சேர்ந்து இருக்கும் வீடுகளில் கதை வேறு மாதிரி. அங்கே "எனக்குத் தெரியாது" என்று தப்பிக்க முடியாது. தெரிந்துதான் ஆக வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கிறது. பசங்க வீட்டில் குப்பை கிடந்தால் ஊட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டு, "பசங்க அப்படித்தானுங்க" என்பார். அதே குப்பை பக்கத்துப் போர்ஷனில் கிடந்தால், "பொம்பளைப் புள்ளைங்க இருக்கிற வீடா இது அம்மணி?" என்பார். ஆகவே அங்கே சண்டை யார் செய்வது என்பதைவிட, எவ்வளவு செய்தாலும் போதாது என்பதில் வருகிறது. அவர்களுக்கும் கணக்கு தேவை, வேறு காரணத்துக்காக: எது போதும் என்று தங்களுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ள.

*

"ஒரு சாம்பல் சட்டிக்கு இவ்வளவு ஆவேசமா?" என்று கேட்பீர்கள். ஆமாம். காரணம் சொல்கிறேன்.

ஒன்றிய அரசு 2019-ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்கள் செலவழித்த நேரம், பெண்கள் நாளுக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97. அடுத்து 2024-ல் எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. அஞ்சு வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது. சந்தோஷம். ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டது. அதாவது பாரத்தை யாரும் தோள் மாற்றிக்கொள்ளவில்லை. நாலில் மூணு ஆண்கள் அன்றைக்கும் அந்தப் பக்கம் வரவேயில்லை.

மிஷின் வந்தால் மாறிவிடும் என்பார்கள். மிஷின் கதையைக் கோயம்புத்தூர்காரனிடம் சொல்லக் கூடாது. மாவாட்டும் வெட் கிரைண்டரை 1955-ல் பி. சபாபதி உருவாக்கியது இந்த ஊரில்தான். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். ஆட்டுக்கல்லில் கை வலிக்க ஆட்டின காலம் போனது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மோட்டார் சுத்தினது கல்லை மட்டும்தான். அரிசி ஊறப்போட்டது யார், மாவை வழித்தது யார், குழவியைத் தூக்கிக் கழுவினது யார் என்பதில் எந்த மோட்டாரும் கை வைக்கவில்லை. கை வலி குறைந்தது. கை மாறவில்லை.

அரசும் நீதிமன்றமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கியிருக்கின்றன. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 ரூபாய். உதவித்தொகை என்று சொல்லாமல் 'உரிமை' என்று பேர் வைத்தது நல்ல விஷயம். ஆனால் அந்த 299 நிமிஷத்தை இதில் போட்டு வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. அதே வருஷம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், புருஷன் பேரில் வாங்கின சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அவர் வீட்டைச் சுமந்ததால்தான் இவர் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் சாரம். கவனியுங்கள், நீதிமன்றமே கணக்குப் பார்க்கிறது. நாம்தான் "நமக்குள்ள என்ன கணக்கு" என்று உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது பேச்சிலர் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். அம்மாவும் இல்லாமல் மனைவியும் இல்லாமல் ஒரு தமிழ் ஆம்பளை தன் அழுக்கைத் தானே சந்திக்கிற காலம் வாழ்க்கையில் இந்த நாலைந்து வருஷம் மட்டும்தான். சோறு வடிக்கிறான். ரசம் வைக்கிறான். அடுப்பு பத்த வைக்கிறான். அவனால் முடியும் என்பதற்கு அவனே சாட்சி. அப்புறம் கல்யாணம். மண்டபத்தில் அதே நண்பர்கள் தோளில் தட்டி, "இனி என்னடா கவலை, சமைச்சுப் போட ஆள் வந்தாச்சு" என்பார்கள். அஞ்சு வருஷம் சோறு வடித்த கை ஒரே ராத்திரியில் எப்படி மறக்கும்? மறக்கவில்லை. அந்த வேலை தன்னுடையது என்று அது ஒருநாளும் நினைத்ததில்லை. அவசரத்துக்குச் செய்தான், ஆள் வந்ததும் ஒப்படைத்தான். ரூமில் 'அம்மா மாதிரி' ஒருத்தன் மேல் சாய்ந்து பழகினவனுக்கு, வந்தவள் மேல் சாய எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

அதனால்தான் சாம்பல் சட்டிக்கு இவ்வளவு பேச்சு. அதை அள்ளாமல் தப்பிக்கக் கத்துக்கொள்கிறவன், ஒரு பெண்ணின் தினசரி அஞ்சு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளக் கத்துக்கொள்கிறான்.

*

கணக்கு வைத்தால் அன்பு போய்விடும் என்கிறார்கள். இதை நம்ம கொங்குநாட்டில் சொல்வதுதான் வேடிக்கை. மொய் நோட்டு இல்லாமல் ஒரு கல்யாணம் இங்கே நடந்திருக்கிறதா? வாசலில் மேசை போட்டு, ஊர் பேர், ஆள் பேர், தொகை எல்லாம் எழுதி, நோட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து, அந்தக் குடும்பத்தில் விசேஷம் வரும்போது பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிற ஊர் இது. அந்தக் கணக்கால் எந்தச் சொந்தமும் அறுந்து போகவில்லை. திருப்பிச் செய்யாதபோதுதான் அறுகிறது. எழுதி வைத்திருப்பது கஞ்சத்தனம் ஆகாது. "உனக்கு நான் பட்டிருக்கிறேன், மறக்கவில்லை" என்பதற்கு அது அடையாளம்.

துடியலூர்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் உதாரணம் உண்டு. டியூகாஸ் என்று ஊரே சொல்கிற விவசாயிகள் கூட்டுறவு அமைப்பு இந்த ஊருடையது. கூட்டுறவு என்றால் என்ன? ஒருத்தரை ஒருத்தர் நம்புகிறவர்கள் சேர்ந்து, நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காகவே பேரேடு போட்டு, வருஷம் ஒருமுறை எல்லார் முன்னாலும் விரித்து வைப்பது. உரத்துக்கும் விதைக்கும் அந்த ஒழுங்கு சரி என்றால், அண்டாவுக்கும் சரிதான்.

கணக்கு என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு என்றும் அர்த்தமில்லை. நைட் ஷிப்ட் முடித்து காலை ஏழு மணிக்கு வருகிறவன் குறைவாகச் செய்யட்டும். காய்ச்சலில் கிடக்கிறவன் ஒன்றும் செய்ய வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு ரெண்டு மாசம் விடுங்கள். ஆனால் விட்டது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து விட்டுக்கொடுத்தால் அது அன்பு. தெரியாமல் எடுத்துக்கொண்டால் அதற்குக் களவு என்று பேர்.

ஆகவே, அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு பேரும் ஒரு இருபது நிமிஷம் உட்காருங்கள். ஒரு நோட்டு எடுங்கள். தன் வட்டல், தன் துணியை அதில் எழுத வேண்டாம். அது கணக்கிலேயே வராது. பொது வேலை எல்லாவற்றையும் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாததையும் விடாமல்: சிலிண்டர் புக் பண்றது, மோட்டார், குப்பை, ஓனரிடம் பேசுவது, விறகை மழைக்கு முன்னால் உள்ளே தள்ளுவது.

எழுதியதைத் துண்டு துண்டாகப் பிரிக்காதீர்கள். 'தண்ணி அடுப்பு' என்றால் ஒரு வாரத்துக்கு அது முழுசாக ஒருத்தனுடையது. மட்டையில் ஆரம்பித்து சாம்பல் வரைக்கும். யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். சாம்பல் ஆறின பிறகுதான் அள்ள வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பக்கெட் உருகும் என்பதைக்கூட அவனே தெரிந்துகொள்வான். இது இல்லாமல், ஒருத்தன் யோசிக்க இன்னொருத்தன் எடுபிடி செய்கிற ஏற்பாடு போட்டால் அது பழைய வீடுதான், நோட்டு மட்டும் புதுசு.

காசு கொடுத்து முறையிலிருந்து விலக வேண்டுமா? விலகுங்கள். அந்தக் காசு முறையை எடுத்துச் செய்கிறவன் கைக்குப் போக வேண்டும், சனிக்கிழமை பிரியாணிக்கு இல்லை. சமைக்கப் பிடித்தவன் சமைக்கட்டும், ஆனால் சமையலை மட்டும் காட்டி மத்த எல்லாத்திலிருந்தும் தப்பிக்க வேண்டாம். சமையலுக்குக் கைதட்டல் உண்டு, ஜலதாரைக்கு யார் கைதட்டுகிறார்கள்? மாசக் கடைசியில் நோட்டைத் திறந்து பாருங்கள். யார் அதிகம் செய்தார்களோ அவர்கள் அடுத்த மாசம் குறைவாகச் செய்யட்டும். அவ்வளவுதான்.

இந்த நோட்டைப் பார்த்து யாராவது சிரித்தால், "நமக்குள்ள என்னடா கணக்கு" என்று ஆரம்பித்தால், ஒரே ஒரு பதில் போதும். நட்பு பெரிசுதான்டா. சாம்பல் ரொம்பச் சின்னதுதான். அப்புறம் ஏன் அள்ள மாட்டேங்கிற?